கேஜ் முள் அசையவே இல்லை, காஸ் மட்டும் தீர்ந்துவிட்டது: வீட்டு கெக் சிலிண்டர் பற்றி ஒரு இழை

மார்ச் 4, கேள்வி

வீட்டு பீருக்கு 2.27 கிலோ (5 பவுண்டு) கார்பன் டை ஆக்சைடு பிடிக்கும் அலுமினிய சிலிண்டர், அழுத்தத்தைக் குறைத்துத் தரும் ரெகுலேட்டர் (இரண்டு கேஜ்: பெரியது சிலிண்டரின் அழுத்தம், சின்னது கெக்குக்குப் போகும் அழுத்தம்), 19 லிட்டர் கார்னி கெக், அதாவது நீள்வட்ட மூடி போட்ட பீர் கலன், இரண்டு. சிலிண்டர் ஃபிரிட்ஜுக்கு வெளியே நிற்கிறது. நிரப்பி வந்த நாள் முதல் பெரிய கேஜ் 800 பிஎஸ்ஐ (அழுத்த அலகு) பக்கத்திலேயே நின்றது. முந்தாநாள் வரை அப்படித்தான். இன்று பார்த்தால் முள் சுழியில். மூன்று கெக்தான் ஓடியிருக்கிறது. நிரப்பியவர் பாதிதான் நிரப்பினாரா, கேஜ் கெட்டுவிட்டதா?

மார்ச் 4, இரவு

கேஜ் மேல் பழி போட வேண்டாம். அது காட்டுவது மீதி எவ்வளவு என்பதை இல்லை, சிலிண்டர் எவ்வளவு சூடாக இருக்கிறது என்பதை.

உள்ளே கார்பன் டை ஆக்சைடு திரவமாகக் கிடக்கிறது, அதன் மேல் ஆவி. திரவம் கொஞ்சமாவது இருக்கும்வரை ஆவியின் அழுத்தத்தை வெப்பநிலைதான் முடிவு செய்யும். 20 டிகிரி செல்சியஸில் சுமார் 830 பிஎஸ்ஐ, ஃபிரிட்ஜின் 4 டிகிரியில் சுமார் 550, 30 டிகிரியில் 1,040 அளவுக்கு. நிறைந்த சிலிண்டரும் பாதி சிலிண்டரும் ஒரே எண்ணைத்தான் காட்டும். ரெகுலேட்டரோடு ஃபிரிட்ஜுக்குள் தூக்கி வைத்தால் முள் இறங்கும். உடனே "லீக்" என்று பதற வேண்டாம், எடை அப்படியேதான் இருக்கும்.

எடைதான் கணக்கு. சிலிண்டர் கழுத்தில் டி.டபிள்யூ. என்ற எழுத்துகளுக்குப் பக்கத்தில் காலி எடை குத்தியிருக்கும். இந்த அளவு அலுமினிய சிலிண்டருக்கு அது மூன்றரைக் கிலோவை ஒட்டி வரும். மொத்த எடையில் அதைக் கழித்தால் மீதி காஸ். சில சிலிண்டர்களில் வால்வைச் சேர்த்துக் குத்தியிருப்பார்கள், சிலவற்றில் சேர்க்காமல். அதனால் நிரப்பி வந்ததும் ஒருமுறை எடை போட்டு, அந்த எண்ணைப் பெயின்ட் டேப்பில் எழுதி சிலிண்டர் உடம்பிலேயே ஒட்டுவது நல்லது. ரெகுலேட்டரை மாட்டிய பிறகு இன்னொரு முறை எடை போட்டு அதையும் எழுதினால், பிறகு எதையும் கழற்றாமல் பார்க்கலாம். 10 கிராம் துல்லியமுள்ள பயணப்பெட்டி தராசு போதும்; வால்வின் கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிடுங்கள், கைச்சக்கரத்தில் வேண்டாம்.

மார்ச் 5

இன்னொரு வாசகர்: "முள் விழ ஆரம்பித்துவிட்டால் அடுத்த கிளாஸுக்குக்கூடக் காணாது என்பார்களே?"

எல்லாரும் சொல்வதுதான், கணக்கு ஒத்துவரவில்லை. இந்தச் சிலிண்டரின் உள் கொள்ளளவு சுமார் 3.3 லிட்டர். 20 டிகிரியில் திரவத்தோடு சேர்ந்திருக்கும் ஆவி லிட்டருக்கு 194 கிராம் அடர்த்தி. கடைசிச் சொட்டுத் திரவம் ஆவியாகும் நேரத்தில், அதாவது முள் அசையத் தொடங்கும் நேரத்தில், உள்ளே இன்னும் 650 கிராம் இருக்கிறது. நிரப்பியதில் கால் பங்குக்கும் மேல். ஃபிரிட்ஜுக்குள் நிற்கும் சிலிண்டரில் ஆவியின் அடர்த்தி குறைவு. அங்கே முள் விழும்போது 370 கிராம் போல இருக்கும், ஆறில் ஒரு பங்கு.

ஆக, அறை வெப்பத்தில் நிற்கும் சிலிண்டரின் முள் நேற்று அசைந்தால் இன்னும் நான்கைந்து கெக்குக்குத் தாங்க வேண்டும்.

இதை வைத்து மேலே உள்ள கேள்வியைத் திரும்பப் படியுங்கள். முந்தாநாள் 800, இன்று சுழி. இரண்டு நாளில் 650 கிராமாவது போயிருக்கிறது. மணிக்கு 13 கிராம். பீர் குடித்து அவ்வளவு காஸ் செலவாக்க வேண்டுமென்றால் ஊரையே விருந்துக்கு அழைக்க வேண்டும். மூன்று கெக்குக்குச் சேர்த்து 400 கிராம்தான் செலவாகியிருக்கும். மீதி 1,870 கிராமும் இதே வேகத்தில் போயிருந்தால் ஆறு நாளுக்குள் தீர்ந்திருக்கும். நிரப்பியவர் குறைத்திருந்தால் இன்னும் முன்பே. எனவே கேட்டவருக்கு ஒரே எதிர்க்கேள்வி: இந்த ஒரு வாரத்தில் எதைக் கழற்றி மாட்டினீர்கள்?

மார்ச் 5, சற்று நேரம் கழித்து

ஒரு கெக்குக்கு 130 கிராம் என்று எடுத்துக்கொண்டது எப்படி என்று கேட்கும் முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்.

நொதித்து முடிந்த பீர் 20 டிகிரியில் 0.85 வால்யூம் (பீரின் கொள்ளளவில் 0.85 மடங்கு) காஸைத் தானாகவே பிடித்து வைத்திருக்கும். 2.5க்குக் கொண்டுபோக வேண்டும். ஒரு வால்யூம் என்பது லிட்டருக்கு 1.96 கிராம். 19 லிட்டருக்குக் கார்பனேற்றச் செலவு 61 கிராம். பிறகு பீரை வெளியே தள்ளும் செலவு: கெக் காலியாகும்போது அந்த 19 லிட்டர் இடமும் 12 பிஎஸ்ஐ அழுத்தமுள்ள காஸால் நிறைந்திருக்கும், 4 டிகிரியில் அது 67 கிராம். கூட்டினால் 128.

கெக்கைச் சானிடைசரால் தளும்ப நிரப்பி, காஸால் தள்ளிக் காலி செய்துவிட்டுப் பீர் ஏற்றுகிறவர்கள் மேலும் 45 கிராம் சேர்த்துக்கொள்ளுங்கள். 2.27 கிலோ சிலிண்டருக்கு 12 முதல் 17 கெக். பத்துக்குக் கீழே போனால் லீக்கைத் தேடுங்கள்.

மார்ச் 6, கேட்டவர்

கழற்றி மாட்டியது ஒன்றே ஒன்று. போன வாரம் புது கெக் ஏற்றி, மூடியைப் போட்டு, ரெகுலேட்டரை 12 பிஎஸ்ஐயில் வைத்து நேராக இணைத்துவிட்டேன். சிலிண்டரை இன்று நிரப்பி வந்தேன். மூடி ஓரம் சோப்புத் தண்ணீர் விட்டதில் ஒரு பக்கம் முழுக்க நுரை பொங்குகிறது.

மார்ச் 6

அதேதான். கார்னி கெக்கின் நீள்வட்ட மூடி உள்ளிருந்து வெளியே அழுத்தப்பட்டுத்தான் அடைக்கும். மேலே இருக்கும் கம்பிக் கைப்பிடி மூடியை இடத்தில் பிடித்து வைக்கிறதே தவிர, ஓ-ரிங்கை (மூடியைச் சுற்றிய ரப்பர் வளையம்) முழுசாக நசுக்கும் வலு அதற்கு இல்லை. அதனால் முதல் அழுத்தம் 30 பிஎஸ்ஐ, அதுவும் சட்டென்று. "டப்" என்று மூடி உட்காரும் சத்தம் கேட்கும். பீர் மேல் சிக்கிய காற்றின் ஆக்சிஜனை வெளியேற்றியதும் அழுத்தத்தை 12க்கு இறக்கலாம். அழுத்தம் இருக்கும்வரை உட்கார்ந்த மூடி பிறகு நகராது.

உணவுத்தர சிலிகான் கிரீஸை ஓ-ரிங் முழுக்க மெல்லிசாகத் தடவுங்கள். வாசலின் வேண்டாம், பெட்ரோலியம் கலந்தது, சில ரப்பர் வகைகளை ஊதிப் பிசுபிசுக்க வைத்துவிடும். அப்படியும் கசியும் பழைய கெக் என்றால் மூடியை 180 டிகிரி திருப்பிப் போட்டுப் பாருங்கள். வாயின் விளிம்பு எங்கேயோ நசுங்கியிருக்கும், ஒரு திசையில் பொருந்தாதது மறு திசையில் பொருந்தும். அதற்கும் அடங்காவிட்டால் கடினமான கறுப்பு ஓ-ரிங்குக்குப் பதில் தடித்த மென்மையான சிலிகான் ரகம். அதன் வழியே காஸ் மெதுவாக ஊடுருவும் என்பது உண்மைதான். மணிக்கு 13 கிராம் போவதோடு ஒப்பிட்டால் பொருட்படுத்த வேண்டியதில்லை.

மார்ச் 8: லீக் தேடும் வரிசை

சோப்புத் தண்ணீர் பெரிய ஓட்டையைக் காட்டும். சிலிண்டரை மூன்று மாதத்தில் காலி செய்யும் ஓட்டை மணிக்கு வெறும் 1 கிராம்தான் விடும். குமிழி சோம்பேறித்தனமாக வரும், கண்ணில் படாது. அதற்கு வேறு வழி.

முள் அளவைச் சொல்லாது என்று மேலே அவமானப்படுத்திய அந்தப் பெரிய கேஜ்தான் இங்கே நாயகன். சிலிண்டர் வால்வைத் திறந்து, எல்லாம் அழுத்தம் ஏறியதும் வால்வை மூடுங்கள். இப்போது வால்வுக்கும் ரெகுலேட்டர் சீட்டுக்கும் (உள்ளே காஸை அடைத்துத் திறக்கும் இடம்) நடுவே சில மில்லிலிட்டர் இடத்தில் 830 பிஎஸ்ஐ காஸ் சிறைப்பட்டிருக்கிறது. மொத்தமே ஒரு கிராம் அளவுதான். கீழே எங்கே கசிந்தாலும் இங்கிருந்துதான் ஈடுகட்டப்படும். மணிக்கு 1 கிராம் லீக் இருந்தால் ஒரு மணி நேரத்தில் பெரிய முள் கீழே வந்துவிடும், சின்ன முள் அப்போதும் 12லேயே நிற்கும்.

எந்தப் பக்கம் என்று பிரிக்க, ரெகுலேட்டர் திருகை முழுக்க இடப்பக்கம் சுழற்றித் தளர்த்திவிட்டு மறுபடி பாருங்கள். இரண்டு பக்கமும் தனித்தனியாகிவிடும். பெரிய முள் மட்டும் விழுந்தால்: சிலிண்டர் நட்டு, அதன் வாஷர், அல்லது கேஜ் திருகிய இடம். சின்ன முள் மட்டும் விழுந்தால்: ஹோஸ், கிளாம்ப், மேனிஃபோல்டு (காஸைப் பல கெக்குக்குப் பிரிக்கும் குழாய்), டிஸ்கனெக்ட் (கெக் முனையில் மாட்டும் இணைப்பு), கெக். பெரிய முள் விழ, சின்ன முள் ஏறினால் அது லீக் இல்லை. ரெகுலேட்டர் சீட்டில் தூசி சிக்கி அழுத்தம் நழுவி இறங்குகிறது. சுத்தம் செய்ய வேண்டும் அல்லது சீட்டை மாற்ற வேண்டும், தள்ளிப்போட வேண்டாம்.

கீழ்ப்பக்கம் என்று தெரிந்தால் முதலில் கெக் எதையும் இணைக்காமல் ஹோஸ் மட்டும். அதன் கொள்ளளவு நூறு மில்லிலிட்டர் இருந்தால் அதிகம். 30 பிஎஸ்ஐயில் அரை கிராம்தான் அடங்கும், மணிக்கு 1 கிராம் லீக் அரைமணிக்குள் அம்பலமாகிவிடும். அது தாங்கினால் கெக்குகளை ஒவ்வொன்றாக.

காலி 19 லிட்டர் கெக்கில் 30 பிஎஸ்ஐக்கு 107 கிராம் அடங்கும். அங்கே அதே லீக் ராத்திரி முழுக்க, 12 மணி நேரம் ஓடினாலும் 5 பிஎஸ்ஐதான் விழும். அவசரப்பட்டு "தாங்குகிறது" என்று முடிவு கட்டாதீர்கள்.

மார்ச் 8, சேர்க்கை

மேலே சொன்னதில் இரண்டு நிபந்தனைகளை விட்டுவிடக் கூடாது. கெக்கில் கார்பனேற்றம் ஆகாத பீர் இருந்தால் சோதனை செல்லாது, பீரே காஸை உறிஞ்சி முள்ளை இறக்கும். காலி கெக்கில் செய்யுங்கள், அல்லது காஸ் முழுசாக ஏறிச் சமநிலைக்கு வந்த கெக்கில். அடுத்தது, இராத்திரி அறை 5 டிகிரி குளிர்ந்தால் கெக்கின் 30 பிஎஸ்ஐ முக்கால் பிஎஸ்ஐ இறங்கத்தான் செய்யும். பெரிய முள் அந்தக் குளிரில் இன்னும் நன்றாகவே இறங்கும். காலையில் அறை பழைய சூட்டுக்கு வந்ததும் படித்த எண்தான் எண்.

ரெகுலேட்டரைத் தண்ணீரில் முக்க வேண்டாம். மேனிஃபோல்டையும் ஹோஸையும் முக்கலாம்.

மார்ச் 9

சிலிண்டர் நட்டு வாஷர் பற்றி மூன்று பேர் தனித்தனியாகக் கேட்டிருக்கிறார்கள். நைலான் அல்லது ஃபைபர் வாஷர் ஒருமுறை நசுங்கினால் முடிந்தது, ஒவ்வொரு நிரப்பலுக்கும் புதிது. முனையிலேயே ஓ-ரிங் பதித்த ரெகுலேட்டர் என்றால் வாஷர் போடவே கூடாது, போட்டால்தான் கசியும். இறுக்க நல்ல நீளமான ஸ்பேனர் வேண்டும், கைவிரலால் ஆகாது. மரையில் சுற்றும் டெஃப்ளான் டேப் இங்கே வேண்டாம், இந்த மரையில் அடைப்பது வாஷர்தான், மரை இல்லை.

மார்ச் 11

"பரிமாறும்போது மட்டும் வால்வைத் திறந்து, மற்ற நேரம் மூடி வைத்தால் லீக் கவலையே இல்லையே?"

பாதி உண்மை. மூடிவைத்தால் லீக் சிலிண்டரைத் தின்பதற்குப் பதில் பீரைத் தின்னும். கெக்கின் மேலிடம் (பீருக்கு மேலே காஸ் நிற்கும் இடம்) கசிய, பீரில் கரைந்த காஸ் அதை ஈடுகட்ட வெளிவரும்; வாரக்கடைசியில் தட்டையான பீர். அழுத்தம் மேலும் குறைந்தால் மூடி தளர்ந்து முழுசாகவே விட்டுவிடும். லீக் இல்லாத அமைப்பில் திறந்தே வைத்தாலும் ஒன்றும் போகாது. வெளியூர் போகும்போது மூடுங்கள், அது நியாயம். அன்றாடப் பழக்கமாக்குவது லீக்கை மறைக்கும் வேலை.

இதன் பங்காளி ஒன்று உண்டு: நுரை அதிகம் என்று பரிமாறும் அழுத்தத்தை 5க்கு இறக்குவது, பிறகு 12க்கு ஏற்றுவது. ஒவ்வொரு முறையும் கெக்கின் மேலிட காஸை வெளியே விடுகிறீர்கள், பீரும் மெல்லத் தட்டையாகிறது. 4 டிகிரியில் 2.5 வால்யூமுக்கு 12 பிஎஸ்ஐ என்றால் அது அங்கேயே இருக்கட்டும். பீர் குழாயை நீட்டுங்கள், 4.8 மில்லிமீட்டர் உள்விட்டக் குழாய் மூன்று மீட்டர் வைத்துத் தொடங்கலாம்.

மார்ச் 14

ஆக்சிஜனை வெளியேற்றக் காஸ் அடித்து விடுவது பற்றி. "கார்பன் டை ஆக்சைடு கனமானது, பீர் மேல் போர்வை மாதிரி படுத்துக்கொள்ளும், ஒருமுறை விட்டால் போதும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். படுக்காது, காற்றோடு கலந்துவிடும். கணக்கு இப்படி: 30 பிஎஸ்ஐக்கு ஏற்றி வெளியே விட்டால் ஆக்சிஜன் மூன்றில் ஒரு பங்காகும். 21 சதவீதத்தில் தொடங்கிப் பத்து முறை செய்தால் பத்து லட்சத்தில் 4 பங்குக்கும் கீழே. 15 பிஎஸ்ஐயில் செய்தால் ஒவ்வொரு முறையும் பாதியாகத்தான் குறையும். அதே பத்து முறைக்கு 200 பங்கு மிஞ்சும்.

மேலிடம் ஒரு லிட்டர்தான் என்றால் பத்து முறையும் சேர்த்து 40 கிராமுக்குள். காலி கெக்கை இப்படிச் சுத்தம் செய்யப் பார்த்தால் 700 கிராம் போய்விடும். அதற்குத்தான் சானிடைசரை நிரப்பித் தள்ளும் முறை.

மார்ச் 15

இன்னும் மலிவான வழி நொதிக்கும் பீரே. 1.050 தொடக்க அடர்த்தியுள்ள 19 லிட்டர் வோர்ட் (நொதிக்காத மால்ட் சாறு) நொதித்து முடிவதற்குள் 700 கிராமுக்குக் குறையாமல் கார்பன் டை ஆக்சைடு விடும். 380 லிட்டர் காஸ், இருபது காலி கெக்கின் கொள்ளளவு, எல்லாம் ஏர்லாக் (காஸை வெளியே மட்டும் விடும் அடைப்பு) வழியே வீணாகிறது. நொதிகலனின் காஸ் குழாயைச் சுத்தம் செய்த காலி கெக்கின் திரவ முனையில் இணையுங்கள், அதன் நீளக் குழாய் அடிவரை போகும். கெக்கின் காஸ் முனையிலிருந்து ஒரு குழாய் வாளித் தண்ணீருக்குள். நொதித்து முடியும்போது கெக்கில் சொல்லும்படி ஆக்சிஜன் இருக்காது, சிலிண்டரைத் தொட்டிருக்கவே மாட்டீர்கள்.

நுரை பொங்கிக் குழாயை அடைக்காதபடி நொதிகலனில் தாராளமாக இடம் விடுங்கள். கண்ணாடிக் கலனோடு இதைச் செய்யவே வேண்டாம், குழாய் அடைத்தால் வெடிக்கும்.

மார்ச் 19: நிரப்புவது, மாற்றுவது, எடுத்து வருவது

காலிச் சிலிண்டரைக் கொடுத்து நிரப்பிய வேறொன்றை வாங்கும் மாற்றுமுறையில் உங்கள் பளபள அலுமினியம் போய்ப் பெயின்ட் உரிந்த இரும்பு வரும். அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை, சோதனைத் தேதி மட்டும் நன்றாக இருந்தால். தோள்பட்டையில் மாதமும் ஆண்டும் குத்தியிருக்கும். நீரழுத்தச் சோதனையை 5 ஆண்டுக்கு ஒருமுறையா, 10க்கா என்பது அந்தந்த நாட்டு விதி. தேதி கடந்ததை நிரப்ப மறுப்பார்கள், மறுப்பதுதான் சரி.

கடைசி மூச்சுவரை காலி செய்யாதீர்கள். கொஞ்சம் அழுத்தம் மிஞ்சும்போதே வால்வை மூடினால் ஈரக்காற்று உள்ளே போகாது. இரும்புச் சிலிண்டருக்கு இது ரொம்ப முக்கியம்.

திறக்கும் முறை: ரெகுலேட்டர் திருகைத் தளர்த்தி வைத்து, கேஜுக்கு நேரே முகத்தை வைக்காமல், வால்வை மெதுவாக. திருகு இறுகியிருக்கும்போது வால்வைச் சட்டென்று திறந்தால் 830 பிஎஸ்ஐ ரெகுலேட்டருக்குள் இருக்கும் மெல்லிய சவ்வில் அறையும்.

எப்போதும் நிமிர்த்தி வைத்து, விழாதபடி சங்கிலி. படுத்த சிலிண்டரிலிருந்து திரவம் ரெகுலேட்டருக்குள் பாய்ந்தால் உறைந்து சீட்டைக் கெடுக்கும்.

காரில் கொண்டுவரும்போது ஜன்னலைத் திறந்து வையுங்கள், வெயிலில் விட்டுப் போகாதீர்கள். 31 டிகிரியைத் தாண்டினால் உள்ளே திரவம், ஆவி என்ற பிரிவே இல்லை. பிறகு அழுத்தம் எவ்வளவு நிரப்பியிருக்கிறது என்பதைப் பொறுத்துக் கிடுகிடுவென ஏறும். அதிகம் நிரப்பிய சிலிண்டரில் வால்வின் பாதுகாப்புத் தகடு கிழிந்து மொத்தமும் சில நொடிகளில் வெளியே வரும். தகடு தன் வேலையைச் சரியாகச் செய்தது என்றாலும் மூடிய காருக்குள் அது ஆறுதல் இல்லை.

மார்ச் 19, இரவு

"வீட்டுக்குள் வைக்கலாமா" என்பவருக்கு எண் மட்டும். 2.27 கிலோ முழுசும் வெளியேறினால் 1.2 கன மீட்டருக்கு மேல் காஸ். 3 மீட்டருக்கு 3 மீட்டர் அறை, இரண்டரை மீட்டர் உயரம்: காற்றில் 5.5 சதவீதம். 4 சதவீதமே உயிருக்கு உடனடி ஆபத்து என்று வேலையிடப் பாதுகாப்பில் வைத்திருக்கிறார்கள். வேகமாகக் கொட்டும் குளிர்ந்த காஸ் கலப்பதற்கு முன் தரையோடு படரும், நிலவறையில் தேங்கும். அங்கே வைப்பவர்கள் கார்பன் டை ஆக்சைடு அலாரத்தைத் தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் மாட்டுங்கள். புகைக்கும் கார்பன் மோனாக்சைடுக்கும் வைத்த அலாரம் இதற்குக் கத்தாது.

மார்ச் 27, கேட்டவர்

30 பிஎஸ்ஐயில் மூடியை உட்கார வைத்தேன். மூன்று வாரத்தில் 140 கிராம் குறைந்திருக்கிறது, இடையில் ஒரு கெக் முடிந்தது. இன்னொரு சந்தேகம்: பக்கத்தில் ஒரு பழைய பெரிய சிலிண்டர் கிடைக்கிறது, உள்ளே குழாய் உண்டு என்கிறார்கள். வாங்கலாமா?

மார்ச் 27

140 கிராம் என்றால் லீக் இல்லை.

அந்தச் சிலிண்டரை வாங்காதீர்கள். உள்ளே அடிவரை போகும் சைஃபன் குழாய் உள்ளது நிமிர்ந்து நிற்கும்போது திரவத்தையே அனுப்பும். தீயணைப்புக்கும் உலர்பனி செய்வதற்கும் அது சரி, பீர் ரெகுலேட்டருக்கு எமன். ரொம்ப மலிவாகக் கிடைக்கிறது என்றால், குழாயை நீக்கி, சோதனை முடித்து, உணவுத்தர காஸுக்கு ஏற்றதாக மாற்றித்தர உரிமமுள்ள நிரப்பகம் எவ்வளவு கேட்கிறது என்று முதலில் விசாரியுங்கள். வால்வை நீங்களே கழற்ற வேண்டாம்.